அண்ணனுக்காக மூன்றாவது கையெழுத்து

கேள்வி: நான் செமினியில் பெற்றோருடன் வசிக்கிறேன். வயது 31. கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 3,650 வெள்ளி (ரிங்கிட்). காஜாங்கில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடத் தொலைவில் கட்டப்படும் கொண்டோமினியத்தில் 380,000 வெள்ளிக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அண்ணன் பாதித் தவணை தருவதாகச் சொல்கிறார். அவருக்கு வங்கியில் கடன் கிடைக்காததால் என் பெயரில் மட்டுமே எடுக்க வேண்டும். அவருடைய கார் தவணை 780 வெள்ளியும், அவர் தொழிலுக்காக எடுத்த தனிநபர் கடனின் 520 வெள்ளியும் ஏற்கெனவே என் பெயரில்தான் ஓடுகின்றன. சில மாதங்கள் அவர் கட்டுவதில்லை. வாங்கலாமா?

பதில்: சகோதரி, வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கோ உங்கள் கையெழுத்தைப் பற்றித்தான் கவலை. 90 விழுக்காட்டுக் கடன் என்றால் 342,000 வெள்ளி. 35 ஆண்டுகளுக்கு, வட்டி 4 விழுக்காடு என்று வைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 1,515 வெள்ளி. 950 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 35 காசு பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடு சேர்மநிதியும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு) சேர்ந்தால் இன்னும் 365. அண்ணனின் இரண்டு கடன்களையும் கூட்டினால் 3,180 வெள்ளி ஆகிறது. அவர் கட்டத் தவறும் மாதத்தில் உங்கள் கையில் நிற்பது 470 வெள்ளி. அதில்தான் சாப்பாடும் அப்பா அம்மாவின் மருந்தும்.

பாதித் தவணை தருவேன் என்ற அண்ணனின் சொல்லை வங்கி எந்தப் பத்திரத்திலும் எழுதிக்கொள்ளாது. தவணை தவறினால், வங்கிகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் பதிவேட்டில் அந்தப் பாக்கி உங்கள் பெயரில்தான் ஏறும். அவருக்கு இன்று மூடியிருக்கும் கதவு நாளை உங்களுக்கும் மூடும். முதல் வீடு வாங்குவோருக்கு அரசு தரும் முத்திரைத் தீர்வைச் சலுகையையும் இதிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

இருப்பிட வசதி பொய் என்று நான் சொல்லவில்லை. காஜாங்கிலிருந்து புக்கிட் பிந்தாங்குக்கு ரயில் மாறாமல் போகலாம். மாதம் முழுதும் ரயிலிலும் பேருந்திலும் போக உதவும் மை50 அட்டைக்கு 50 வெள்ளிதான். இப்போது பெட்ரோலுக்கும் கார் நிறுத்தத்துக்கும் 400 வெள்ளி ஆகிறது என்றால் 350 மிச்சம். ஆனால் விளம்பரத்தின் 'பத்து நிமிடம்' காரில் போகும் நேரமாக இருக்கும். திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த வாசலிலிருந்து நிலையம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அடுக்குமாடி வீட்டை ஒப்படைக்க மேம்பாட்டாளருக்கு ஒப்பந்தப்படி 36 மாதங்கள் உண்டு. அதுவரை வங்கி விடுவிக்கும் தொகைக்கு வட்டி கட்டிக்கொண்டே செமினியிலிருந்துதான் வேலைக்குப் போவீர்கள். 'முன்பணம் வேண்டாம், கையில் ரொக்கம் திரும்பும்' என்று விற்பனையாளர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ரொக்கம் பெரும்பாலும் விலையை ஏற்றிக் காட்டி உங்கள் கடனிலிருந்தே எடுக்கப்படுவது.

இந்த வாரம் அண்ணனை உட்காரவைத்து, காரை விற்றோ தம் பெயருக்கு மாற்றியோ தீர்க்கும்படி ஒரு தேதி கேளுங்கள். அவருடைய மற்றக் கடன்களுக்கு, கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் இலவச ஆலோசனை உண்டு; முதல் நாள் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். 780 வெள்ளி உங்கள் பெயரிலிருந்து இறங்கிய பிறகு, அதே பகுதியில் ஏற்கெனவே கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் வீடாக, உங்கள் ஒருவர் சம்பளத்துக்குத் தாங்கும் விலையில் பாருங்கள். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். வங்கிக் கடிதத்தையும் அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவுடைய கணக்கறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.