மேட்டல் நிறுவனம் 2007-இல் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது ஏன்?

விற்ற பொருளில் ஆபத்து இருப்பது தெரிந்ததும், வாங்கியவர்களிடமிருந்து அதை நிறுவனமே திருப்பிக் கேட்பதுதான் 'திரும்பப் பெறுதல்'. 1945-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1959-இல் பார்பியை அறிமுகப்படுத்திய மேட்டல், 2007 ஆகஸ்டில் இதைப் பெரிய அளவில் செய்ய நேர்ந்தது. காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு. ஈயம் சேர்த்தால் நிறம் பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் குழந்தை பொம்மையைக் கடிக்கும்போது பூச்சு உதிர்ந்து வயிற்றுக்குள் போகிறது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது.

இரண்டாவதுதான் அளவில் மிகப் பெரியது: உலகம் முழுவதும் சுமார் 1.82 கோடி காந்தப் பொம்மைகள். அவற்றிலிருந்த சிறிய, வலுவான காந்தங்கள் கழன்று விழக்கூடியவை. ஒன்றை மட்டும் விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, துணியை க்ளிப் கவ்வுவதுபோல் குடல் சுவரை நெரிக்கும். அங்கே ரத்த ஓட்டம் நின்று துளை விழும். ஆகவே காந்தத்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலிக்கக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதன் பிறகு 2008-இல் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றி, வண்ணப்பூச்சில் ஈயத்தின் வரம்பைப் பத்து லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 ஆகக் குறைத்தது. மிகவும் தேவையான மாற்றம் இது.

இந்தப் பொம்மைகள் சீனாவில் தயாரானவை என்பதால், எல்லாமே சீனத் தொழிற்சாலைகளின் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். ஈயப் பூச்சு உற்பத்தியில் நேர்ந்த தவறுதான், ஆனால் காந்தம் கழன்றது தன் சொந்த வடிவமைப்பின் குறை என்று மேட்டலே ஒப்புக்கொண்டு 2007 செப்டம்பரில் சீனாவிடம் மன்னிப்புக் கேட்டது.