ஏழிலேயே நிற்கும் சி.இ.ஏ., அடுத்து என்ன செய்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். வயது 57. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர், 35 வருடமாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். போன வருடம் கோயில் மண்டபத்தில் நடந்த இரத்தப் பரிசோதனை முகாமில் 'கேன்சர் மார்க்கர்' (புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் ஏறக்கூடிய பொருள்கள்) ஆறும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்திருக்கிறார். மற்ற ஐந்தும் சரி, சி.இ.ஏ. மட்டும் 6.8. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்ததில் 7.3, 6.9, 7.0. கடைசியாக ஈப்போவில் வேறொரு லேப்பில் 8.9. குடல் ஸ்கோப் பார்த்தாயிற்று, சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இரண்டிலும் ஒன்றுமில்லை. டாக்டர் "மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்" என்கிறார். இவர் கேட்பது இதுதான்: "எனக்கு இருக்கா, இல்லையா? வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்து 3,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? அதே நாளில் எடுத்த என் தம்பிக்கு 1.9தான், எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அண்ணே, முதல் கேள்விக்கு இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் டாக்டராலும் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அவர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். அந்தச் சோதனைக்கே அவ்வளவுதான் சக்தி.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். வயிற்றில் வளரும் சிசுவின் குடலில் நிறைய இருக்கும், பிறந்த பிறகு குறைந்துவிடும். 1965இல் கனடாவின் மாண்ட்ரியலில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றுக்கட்டியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சொட்டு இரத்தத்தில் குடல் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்று அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது. பிறகு பார்த்தால் சிகரெட் பிடிப்பவர், கல்லீரல் கெட்டவர், கணையம் வீங்கியவர், குடலில் நாள்பட்ட புண் உள்ளவர், நுரையீரல் அடைப்பு உள்ளவர், தைராய்டு மந்தமானவர் என்று ஊரில் பாதிப் பேருக்கு ஏற்றமாகத் தெரிந்தது. அதனால்தான் ஒரு தொந்தரவும் இல்லாத ஆளிடம் புற்றுநோயைத் தேட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை, அது திரும்பி வருகிறதா என்று கண்காணிக்கத்தான் இது நன்றாக உதவும். முகாமில் பேக்கேஜ் விற்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை, சொன்னால் யார் வாங்குவார்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரத்தச் சோதனையில் 'நார்மல்' என்ற கோட்டைப் பல சமயம் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் உள்ளே வருகிற மாதிரிதான் போடுகிறார்கள். மீதி ஐந்து பேர் ஒரு நோயும் இல்லாமலே வெளியே நிற்பார்கள். அப்படிப்பட்ட சோதனை ஆறை ஒன்றாகச் செய்தால், எந்த நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 26 பேருக்கு ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வந்துவிடும். அன்றைக்கு உங்களோடு மண்டபத்தில் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் இதே கவலையோடு வீட்டுக்குப் போனார்களோ.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். சி.இ.ஏ.யின் மேல் எல்லை சிகரெட் தொடாதவருக்குச் சுமார் 3, பிடிப்பவருக்கு 5 என்று வைத்திருக்கிறார்கள் (லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும்). நீங்கள் 7இல் நிற்கிறீர்கள். புற்று இல்லாத காரணங்களால் ஏறும்போது பெரும்பாலும் 10க்குள்தான் நிற்கும். 20ஐத் தாண்டினால் கதை வேறு. ஆனால் எண் எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். புற்று வளர்ந்துகொண்டே இருந்தால் எண்ணும் பொதுவாக 7, 10, 16 என்று படியேறும். உங்களுடையது ஒரு வருடமாக ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அது நல்ல அறிகுறி. முழு உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன்.

அப்போது அந்த 8.9? நீங்கள் தூக்கம் கெட்டது அதனால்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அண்ணே, அது வேறு லேப். சி.இ.ஏ.யை அளக்க ஒவ்வொரு கம்பெனி மெஷினும் வேறு வேறு எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே இரத்தத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்கு அனுப்பினாலும் ஒரே எண் வராது. பசாரில் ஒரு தராசில் ஒரு கிலோ இருந்த மீன், அடுத்த கடைத் தராசில் 1.1 கிலோ காட்டினால் மீன் வளர்ந்துவிட்டதா என்ன? ஒரே லேப்பிலேயே 20, 30 விழுக்காடு ஏறி இறங்குவது சாதாரணம். பழைய லேப்பிலேயே ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள், இனி அங்கேயே எடுங்கள். சிலருடைய இரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு எதிர்ப்புரதம் சோதனையையே ஏமாற்றி இல்லாத ஏற்றத்தைக் காட்டுவதும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் இரத்தத்தை நீர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் லேப்புக்குச் சொல்ல முடியும்.

இனி நான் உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிய இடம். நீங்கள் போட்டோ பிடித்து அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டின் தலைப்பைப் பாருங்கள், 'வயிறு, இடுப்பு' என்றுதான் இருக்கிறது. நெஞ்சு பார்க்கப்படவில்லை! நுரையீரல் புற்றும் சி.இ.ஏ.யை ஏற்றும். 35 வருடம் தினம் ஒரு பாக்கெட் பிடித்த 57 வயது ஆளுக்கு, சி.இ.ஏ. என்ற ஒன்றையே கண்டுபிடித்திருக்காவிட்டாலும் நெஞ்சுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துப் பார்ப்பது நியாயம். சாதாரண எக்ஸ்ரேயில் சின்னக் கட்டிகள் தப்பிவிடும். சங்கிலி அடகுக் கடைக்குப் போகும் முன்னால் இதைக் கேளுங்கள்.

அதே மாதிரி ஸ்கோப் ரிப்போர்ட்டில் இரண்டு வரியைத் தேடுங்கள்: குழாய் பெருங்குடலின் தொடக்கம் வரை, அதாவது சீக்கம் வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா. இரண்டும் ஆம் என்றால் அந்த 'ஒன்றுமில்லை'யை நம்பலாம். மருந்து குடித்தும் குடல் சரியாகச் சுத்தமாகாமல் பாதியில் எடுத்தார்கள் என்றால் அது பார்த்த கணக்கில் சேராது. கூடவே தைராய்டு, கல்லீரல், சர்க்கரைச் சோதனை, டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்ப்பது. தைராய்டில் வரும் ஒரு வகைக் கட்டியும் இந்த எண்ணை ஏற்றும் என்பதால் சொல்கிறேன். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, சூராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணரிடம் போகலாம். தெமு ஜன்ஜி (நிபுணரைப் பார்க்கும் தேதி) கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஏழிலேயே ஒரு வருடம் நிற்கும் எண்ணுக்கு அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கெடுதல் செய்யாது.

பெட் ஸ்கேன் பற்றி: நெஞ்சு சி.டி. கூட எடுக்காமல் அதற்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. அது சர்க்கரையை வேகமாகத் தின்னும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன். வீக்கமும் அப்படித்தான் தின்னும். எப்போதோ வந்து போன காசநோயின் தழும்பு, ஆறாத நிமோனியா, எல்லாம் பளிச்சிடலாம். அப்புறம் அது என்ன என்று பார்க்க ஊசி, அதற்கு ஒரு பயம், அதற்கு இன்னொரு சங்கிலி. மிகச் சிறிய கட்டியும் சில வகைக் கட்டிகளும் அதில் தெரியாமலும் போகும். எண் தொடர்ந்து ஏறி, மற்றதில் எதுவும் தெரியாவிட்டால், நிபுணரே கேட்டு எழுதுவார்.

சிகரெட். நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். விட்டவர்களுக்கு சி.இ.ஏ. பிடிக்காதவர் அளவை நோக்கி மெல்ல இறங்கும், அதனால் விட்டுவிட்டுச் சில மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் ஏழுக்கு சிகரெட்தான் காரணமா என்பதுகூடத் தெரிய வாய்ப்பிருக்கிறது. 3,500 வெள்ளி ஸ்கேன் சொல்லாத ஒன்றை அது சொல்லலாம். அரசாங்கக் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் பிரிவு இருக்கிறது, கேட்டால் அனுப்புவார்கள். முள்சீத்தா இலை, எவரோ விற்கும் 'செல் சுத்தம் செய்யும்' சாறு எதுவும் வேண்டாம். சி.இ.ஏ.யை இரத்தத்திலிருந்து கழிப்பது கல்லீரல், அதைக் கஷாயத்தால் நோகடித்தால் எண் ஏறத்தான் செய்யும், நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள்.

இப்போது தூக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் கொடுக்கிறீர்கள், அதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே சாப்பாடு இறங்குவதில்லை, ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு வருகிறது, வீட்டில் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொள்கிறார்கள். இப்படி வருடத்தில் நான்கு தடவை. என்னிடம் வந்தவர்களுக்கு உதவிய ஒரு காரியம், டாக்டரோடு உட்கார்ந்து முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்வது. "இந்த எண்ணைத் தாண்டி, அடுத்த மாதமும் தாண்டியே இருந்தால் இந்த ஸ்கேன், அதுவரை எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏறாமலே நின்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு எப்போது நிறுத்துவது என்பதையும் கேளுங்கள், நிறுத்துவதும் ஒரு முடிவுதான். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், டாக்டர் முன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்று லேப்பில் சொல்லிவிடலாம். லயத்தில் யாருக்கெல்லாம் சொன்னீர்களோ அவர்களெல்லாம் கடையில் பார்த்தால் "இப்ப எவ்வளவு?" என்று கேட்பார்கள், ஏதோ ரப்பர் விலை கேட்கிற மாதிரி. அடுத்த தடவை சொல்லாதீர்கள்.

தாளில் இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது, இருமலில் இரத்தம், மூன்று வாரமாகியும் விடாத இருமல். இதில் எது வந்தாலும் எண் என்ன சொல்கிறது என்று பார்க்காமல், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

கடைசியாக உங்கள் தம்பி. 1.9 வந்ததால் அவருக்கு ஒன்றுமில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அவரைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. ஆரம்பக் கட்டக் குடல் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு சி.இ.ஏ. நார்மலாகவே இருக்கும். உங்களுக்காவது ஸ்கோப் பார்த்தார்கள், அவருக்கு எதுவும் பார்க்கவில்லை. 53 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளினிக் கெசிஹாத்தானில் செய்கிறார்கள். நீங்கள் சூராட் வாங்கப் போகும் அன்றைக்கு அவரையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.