அப்பப்பாவின் பஞ்சாங்கம்

ஐயா, என் மகள் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம். போன மாதம் அவளுடைய அப்பப்பா பஞ்சாங்கம் விரித்து நாள் பார்த்தபோது, "இது விஞ்ஞானம் இல்லை, நாங்கள் இப்படி யோசிப்பதில்லை" என்றாள். அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. அந்த 'நாங்கள்' என்னை உறுத்துகிறது. இந்த எல்லையைப் போட்டது யார்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

'சயன்டிஸ்ட்' என்ற சொல்லையே 1830களில்தான் வில்லியம் ஹியூவெல் என்ற ஆங்கிலேய அறிஞர் உருவாக்கினார். பெயர் வந்தாலும், மதிப்பையும் பணத்தையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. லண்டனில் பௌதிகவியலாளர் ஜோன் டிண்டால் அதற்காக ஓயாமல் பேசினார். பாதிரிமாரைப் பார்த்தால், விஞ்ஞானம் சோதித்துப் பார்ப்பது, உலகத்துக்குப் பயன்படுவது என்பார். பொறியியலாளரைப் பார்த்தால், அது பயனை எண்ணாமல் காரணத்தைத் தேடுவது என்பார். இரண்டும் உண்மைதான். எதிரே நிற்பவர் மாற, முன்னால் வைப்பதும் மாறியது. எல்லை போடுவதும் விஞ்ஞானிகளின் வேலையில் ஒரு பகுதி என்று 1983இல் சமூகவியலாளர் தோமஸ் கீரின் எழுதியது இதை வைத்துத்தான்.

நம் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிஷனரிமாரும் நேரம் கணித்தார்கள், உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரரும் கணித்தார். பஞ்சாங்கம் சொன்ன நேரம் சில நிமிடங்கள் பிழையாக இருந்தது. அதை வைத்தே மிஷனரிமார் புராணம் சொல்லும் உலகமே பொய் என்று வாதிட்டார்கள். எனக்கு மனம் வலிப்பது இந்த இடத்தில்தான். பிழை பிடிபட்டதே பஞ்சாங்கக்காரர் நேரத்தைத் துணிந்து எழுதிக் கொடுத்ததால்தான். அவரும் கணக்குப் போட்டு, வானம் சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னவர். வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கில் எழுதும் பஞ்சாங்கத்துக்குள்ள திருக்கணிதம் என்ற பெயரிலும் அந்தச் சரிபார்ப்பே இருக்கிறது. திருக் என்றால் பார்வை.

ஆக, எல்லை உங்கள் மகளுக்கும் அப்பப்பாவுக்கும் நடுவில் இல்லை, அந்தப் பஞ்சாங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. கிரகண நேரம் ஒரு பக்கம், சுபநேரம் மறுபக்கம். சுபநேரத்தில் தொடங்கிய காரியம் கெட்டால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், கணக்குப் பிழை என்று எவரும் திருத்துவதில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றி மகள் சொன்னது சரி. ஆனால் 'நாங்கள்' என்று தொடங்காமல், "இதை எப்படிச் சரிபார்ப்பது அப்பப்பா?" என்று கேட்டிருந்தால் அவர் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த சந்திர கிரகணம் கொழும்பில் தெரியும் இரவில் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். பழைய வாய்பாட்டுக் கணக்கில் எழுதும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் இரண்டின் நேரத்தையும் அப்பப்பா எழுதிக்கொண்டு போகட்டும். மணிக்கூட்டை மகள் பார்க்கட்டும்.