காப்பீட்டு ஏஜென்ட், புரோக்கர்: கமிஷன் விதி என்ன ஆனது?

ஏஜென்ட் கமிஷனுக்கு இப்போது உச்சவரம்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. முன்பு ஒவ்வொரு வகை பாலிசிக்கும் தனி வரம்பு இருந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 15 சதவீதம். 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்தத் தனி வரம்புகளை நீக்கியது. நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் கமிஷன் அடங்கினால் போதும். எனவே எந்த பாலிசியில் அதிகக் கமிஷனோ, அதையே உங்கள் தலையில் கட்டப் பார்க்கலாம். எனக்கு இது கவலையாகவே இருக்கிறது.

ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள். ஆயுள், பொது, மருத்துவம் மூன்றிலும் தலா ஒரு நிறுவனத்துக்கே விற்கலாம். புரோக்கர் சட்டப்படி உங்கள் பிரதிநிதி, பல நிறுவனங்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர். ஆனால் அவருக்கும் கமிஷன் தருவது நிறுவனம்தான். "உங்களுக்கு இதில் எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள். கமிஷனில் பங்கு தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.