போரான் சேர்மங்கள் உமிழும் ஒளியின் நிறத்தை எப்படி மாற்றுகிறார்கள்? போரானையே மாற்றுவார்களா?

இல்லை, போரானில் பெரும்பாலும் கை வைப்பதில்லை. போடிப்பி போன்ற சாயங்களில் அதன் முக்கிய வேலை மூலக்கூறை நெளியவிடாமல் இறுக்கிப் பிடிப்பது. நிறம் சுற்றியுள்ள கரிமச் சட்டகத்தில்தான், அதாவது கார்பன் அணுக்களாலான அமைப்பில்தான், இருக்கிறது.

1968-இல் வெளியான, போரான் கொண்ட ஒளிரும் சாயமான போடிப்பியை (BODIPY) எடுத்துக்கொள்ளுங்கள். எளிய வடிவம் 500 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாக ஒளிரும். சட்டகத்தில் 3, 5 என்று எண்ணிட்ட இடங்களில் மெத்தில் தொகுதி (CH₃) இருந்தால், அதை பென்சீன் வளையம் கொண்ட ஆல்டிஹைடுடன் வினைபுரியச் செய்து ஸ்டைரில் கிளைகளாக (இரட்டைப் பிணைப்பும் பென்சீன் வளையமும் கொண்டவை) நீட்டலாம். இரட்டைப் பிணைப்புத் தொடர் நீள, எலெக்ட்ரான் தாவும் ஆற்றல் இடைவெளி சுருங்கி, ஒளியின் அலைநீளம் கூடும். இரு கிளைகளும் சேர்ந்தால் ஒளி 600-ஐத் தாண்டிச் சிவந்துவிடும். சட்டகத்தின் நடுக் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் வைத்தாலும் சிவப்புதான். அதே கார்பனில் அமினோ தொகுதியை (நைட்ரஜன் கொண்டது) தொங்கவிட்டால் நீலம்!

ஆனால் கரைசலில் ஜொலிப்பது திண்மப் படலத்தில் மங்கிவிடும். மூலக்கூறுகள் நெருங்கினால் ஒளி அணையும். அதனால் ஓஎல்இடியில் (கரிமப் பொருளே ஒளிரும் திரை, விளக்கு வகை) வேறொரு தாங்குபொருளுக்குள் சிறிதளவே கலக்கிறார்கள்.