3.4 ஆல் பெருக்கின நொக்ஸ்: இந்தக் கிழமைக் கேள்விகள்

ஒலுவில் மாணவர்: லீன்-பேர்ன் (காற்று மிகுதியாகக் கலந்து எரிக்கிற) எரிவாயு எஞ்சினின் கணினி மாதிரியில் எனக்கு நொக்ஸ் (நைதரசன் ஒட்சைட்டுகள்) கிட்டத்தட்டப் பூச்சியம். ஏன்?

ஒற்றை வலயம் போட்டிருப்பீர்கள், அதாவது சிலிண்டர் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை. சிலிண்டரின் சராசரி வெப்பநிலை 1,700 கெல்வினில் நின்றால், உயர்ந்த வெப்பத்தில் காற்றின் நைதரசன் நொக்ஸாகும் தாக்கங்களைச் சொன்ன ஸெல்டோவிச் என்ன செய்வார், பாவம்? எரிந்ததையும் எரியாததையும் பிரியுங்கள். அதற்கு முதல் மாதிரியின் சிலிண்டர் அழுத்தக் கோட்டை அளந்த கோட்டோடு பொருத்துங்கள்.

களுவாஞ்சிக்குடி: இயற்கை எரிவாயு எரிவதற்கான தாக்கப் பட்டியலான ஜிஆர்ஐ-மெக் 3.0 இன் 325 தாக்கங்களும் வேண்டுமா?

நொக்ஸ் மட்டும்தான் என்றால் வேண்டாம். ஸெல்டோவிச்சின் மூன்று தாக்கங்களும், என்-டூ-ஓ (நைதரஸ் ஒட்சைட்டு) ஊடாக நொக்ஸ் உருவாகும் வழியும் போதும். ஆனால் லாம்டா (எரியத் தேவையான காற்றின் எத்தனை மடங்கு என்ற எண்) 1.8 இல் அந்த என்-டூ-ஓ வழியை விடாதீர்கள், சுடர் குளிரக் குளிர அதன் பங்கு கூடும்.

கல்முனை: அளந்த நொக்ஸ் 210 பிபிஎம் (பத்து லட்சத்தில் 210 பங்கு), மாதிரி தந்தது 62. தாக்க வீதத்தை 3.4 ஆல் பெருக்கினேன், சரியாக வந்தது. அறிக்கையில் போடலாமா?

போடக்கூடாது, மனே. நெல் நிறை குறைந்தால் தராசில் கல்லை வைக்கிற வேலை இது, வருசா வருசம் யாராவது ஒருத்தர் இதைக் கொண்டு வந்து என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறீர்கள். ஸெல்டோவிச்சின் முதல் தாக்கத்தின் வீதம் அடுக்குக்குறியில், வெப்பநிலைக்கு மேலே, சுமார் 38,000 கெல்வினைச் சுமக்கிறது. 2,200 கெல்வின் அளவில் 50 கெல்வின் பிசகினாலே வீதம் ஒன்றரை மடங்கு மாறும். அப்படியானால் உங்கள் 3.4 மடங்கு என்பது ஏறக்குறைய 150 கெல்வின் பிழை. அதைத் தேடுங்கள்: சுவருக்குப் போகிற வெப்பமா, முந்தைய சுற்றில் வெளியேறாமல் தங்கிய மிச்ச வாயுவா, பிஸ்டன் உச்சிக்கு வரும் கோணம் ஒரு பாகை தவறியதா? முதலில் எரிந்த வாயு பிறகு அமுக்கப்பட்டு இன்னும் சூடாகும், ஒரே எரிந்த வலயம் அதைச் சராசரிக்குள் புதைத்துவிடும், அங்கேயும் பாருங்கள். லாம்டா 1.6 இல் ஒட்டவைத்த எண் 1.8 இல் கழன்று விழும். அழுத்தக் கோடு பொருந்தாமல் நொக்ஸ் பற்றிப் பேசாதீர்கள், திரும்பவும் சொல்கிறேன்.

காத்தான்குடி: வெளியேறும் வாயுவில் சமநிலை நொக்ஸ் (அந்த வெப்பநிலையில் தாக்கங்கள் முழுதாக முடிந்தால் வரும் அளவு) எடுக்கலாமா?

கூடாது. வாயு விரிந்து குளிரும்போது தாக்கம் உறைந்துவிடும், நொக்ஸ் சூட்டில் உருவான அளவிலேயே நின்றுவிடும்.

ஏறாவூர்: மாதிரியில் மெதேன் பூச்சியம், மீற்றரில் 2,000 பிபிஎம். மீற்றர் பழுதா?

மீற்றரைக் குறை சொல்லாதீர்கள். பிஸ்டனின் மேல்வளையத்துக்கு மேலுள்ள இடுக்கில் ஒளிந்த கலவை சுடருக்குத் தப்பி, அழுத்தம் விழும்போது வெளியே வரும். இடுக்கே போடாத மாதிரியில் அது எங்கிருந்து வரும்?

அக்கரைப்பற்று: நொக்ஸ் 500 வருகிறது, கூடவா?

500 என்ன? பிபிஎம்மா, கன மீற்றருக்கு மில்லிகிராமா? வெளியேறும் வாயுவில் எத்தனை வீத ஒட்சிசன் இருப்பதாக வைத்துத் திருத்தினீர்கள்? 5 வீதத்துக்கும் 15 வீதத்துக்கும் இடையில் எண் இரண்டரை மடங்குக்கு மேல் மாறும். லாம்டாவும் எழுதி அனுப்புங்கள், அடுத்த கிழமை பார்ப்போம். அழுத்தக் கோட்டையும் சேர்த்து.