மூணு லட்சம் கட்டுவதற்கு முன்னால்

போன வாரம் சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர் வந்தார். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். 'ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடு, மூணு லட்சம்தான்' என்று சென்னை மச்சான் தினமும் போன் போடுகிறாராம். வயலை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார்.

"வைக்காதீங்க அண்ணாச்சி. யோசனை சொல்ற மச்சான் ஒரு தவணையாவது கட்டுவாரா?" என்றேன். பதில் இல்லை.

மகளிடம் பேசினேன். புது ஆப் செய்வதில் அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. சீனியர்கள் விட்டுப்போன புரோகிராமில் பைசா கணக்கு எங்கே இடிக்கிறது என்று நாலு நாள் உட்கார்ந்து பிடித்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் முகம் மலர்ந்தது. அவளுக்கு மெயின்ஃப்ரேமும் (பெரிய கம்பெனிகளின் கணக்கை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர்) கோபாலும் சரிப்படும்.

"கோபாலா, யாரு அது?" என்றார் அப்பா. ஆள் இல்லை, 1959-இல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி. இன்றும் பெரிய வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பலவற்றின் கணக்கு அதில்தான் ஓடுகிறது.

காசுள்ள கம்பெனி ஏன் மாற்றவில்லை? கன்னடியன் கால்வாய் மதகைத் தண்ணீர் நிறுத்தின மாசத்தில் பழுது பார்க்கலாம். வங்கிக்கு அப்படி ஒரு மாசமே கிடையாது. வட்டி விதி, அபராத விதி எல்லாம் பழைய புரோகிராமுக்குள்ளேயே கிடக்கும். எழுதினவர் ரிட்டயர்டு, தனியாகக் குறிப்பும் இருக்காது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் கணக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் நின்றார்கள். 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம். இதைப் பார்த்த எந்த மேனேஜர் அவசரப்படுவார்? அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுகிறார்கள். அதற்கும் பழசை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

செலவு? கோபால் புரோகிராமை ஓட்டிப் பார்க்க உதவும் குனு கோபால் மென்பொருள் இலவசம், அவளுடைய லேப்டாப்பே போதும். மெயின்ஃப்ரேம் பழக ஐபிஎம் கம்பெனியின் இஸட் எக்ஸ்ப்ளோர் தளமும் இலவசம். கோபாலில் 'பிஐசி 9(5)வி99' என்று எழுதினால் ஐந்து இலக்க ரூபாய், இரண்டு இலக்க பைசா. 'வி' இருக்கும் இடத்தில் புள்ளி இருப்பதாக அர்த்தம். பைசா பிசகாது. அப்புறம் மெயின்ஃப்ரேமில் வேலையை ஓடவைக்கும் ஜேசிஎல், தகவலைச் சேமிக்கும் டிபி2, உடனுக்குடன் பரிவர்த்தனையை நடத்தும் சிஐசிஎஸ் ஆகியவற்றையும் படிக்கலாம்.

மினுக்கான வேலை இல்லை, சொல்லிவிடுகிறேன். கணக்குகளை மொத்தமாகப் போட ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் நின்றால் இரண்டு மணிக்கும் போன் வரும். புதியவர்களுக்கு இடம் குறைவு. பெரும்பாலும் ஐடி கம்பெனிக்குள் நுழைந்த பிறகுதான் இந்தப் பக்கம் போக முடியும். அதனால் ஜாவா என்ற கணினி மொழியையும் விட வேண்டாம்.

மூன்று மாசம் வீட்டில் படித்துப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அவளே வந்து சொல்லட்டும், மச்சான் அல்ல. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.